உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலோ-சாக்சன் மண் சொல்லும் சேதிகள்

கி.பி. 410 வாக்கில் பிரிட்டனில் ரோமானியர் ஆட்சி முடிந்தது. அதன்பின் வட ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்துக் கரைகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்களும் அவர்களோடு கலந்த உள்ளூர் மக்களும் சிறு சிறு அரசுகளை அமைத்தார்கள். 1066-இல் நார்மானியர் வந்து இறங்கும் வரையிலான இந்தக் காலத்தைத்தான் ஆங்கிலோ-சாக்சன் காலம் என்கிறோம். அவர்கள் மரத்தில் வீடு கட்டினார்கள். முதல் இருநூறு ஆண்டுகளுக்கு அவர்கள் எழுதிவைத்தது மிகமிகக் குறைவு. அதனாலேயே 'இருண்ட காலம்' என்று சொல்லி வரலாற்று நூல்கள் இதை ஒதுக்கிவந்தன. இன்று அந்தக் காலம் நமக்குத் தெரிகிறது என்றால், மண்ணைக் கலைக்காமல் பொறுமையாகத் தோண்டியவர்களுக்கே அந்தப் பெருமை சேரும்.

மரமே இல்லாத கப்பல்

சஃபோக் மாவட்டத்தில் டெபன் ஆற்றங்கரையில் இருக்கிறது சட்டன் ஹூ. தன் நிலத்திலிருந்த மண்மேடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பிய எடித் பிரெட்டி அம்மையார், பேசில் பிரவுன் என்பவரை வேலைக்கு அமர்த்தினார். பிரவுன் 12 வயதில் பள்ளியை விட்டவர். தொல்லியலைத் தானாகவே கற்றவர். 1939 மே மாதம் பெரிய மேட்டை வெட்டும்போது, துருவேறிய இரும்பு ஆணிகள் வரிசையாகத் தட்டுப்பட்டன. அவை கப்பல் பலகைகளைப் பிணைக்கும் ஆணிகள் என்று பிரவுனுக்கு உடனே புரிந்துவிட்டது. பலகைகள் அமில மணலில் எப்போதோ கரைந்துபோயிருந்தன. ஆணிகளை அசைக்காமல், மணலில் படிந்திருந்த கறையை மட்டும் தொடர்ந்து போய் உள்மண்ணை வழித்தெடுத்தார். 27 மீட்டர் நீளக் கப்பலின் முழு வடிவமும் வெளிப்பட்டது. அவசரப்பட்டு ஆணிகளைப் பொறுக்கி எடுத்திருந்தால் ஒரு கூடை துருதான் மிஞ்சியிருக்கும்.

திருடர்கள் தவறவிட்டது

அதே மேட்டைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திருடர்கள் தோண்டியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த நடுப்பகுதியில் நேராகக் குழி இறக்கினார்கள். ஆனால் உழவு வேலைகளால் மேட்டின் மேற்குப் பக்கம் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தது. அதனால் உண்மையான நடு இடம் நகர்ந்துபோயிருந்தது. புதையலறையைத் தொடாமலேயே அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

37 காசு, 37 ஊர்

கப்பலில் கிடைத்த பணப்பையில் 37 பொற்காசுகள் இருந்தன. அத்தனையும் இன்றைய பிரான்ஸ் இருக்கும் பகுதியை ஆண்ட ஃபிராங்கியர்களின் காசுகள். இரண்டு காசுகள்கூட ஒரே நாணயச்சாலையில் அச்சானவை அல்ல. யாரோ பார்த்துப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். காசுகளின் காலத்தை வைத்துப் பார்க்கும்போது, அடக்கம் செய்யப்பட்டவர் கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் ரேட்வால்டாக இருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கருத்து. அவர் 624-625 வாக்கில் இறந்தார்.

ஒரு புருவம் மட்டும் மின்னும் கவசம்

சட்டன் ஹூ தலைக்கவசம் நூற்றுக்கணக்கான துண்டுகளாக நொறுங்கிக் கிடைத்தது. ஹெர்பர்ட் மேரியன் 1945-46-இல் அதை ஒட்டிச் சேர்த்தார். அதில் பிழைகள் தெரிந்ததும், 1970-71-இல் நைஜல் வில்லியம்ஸ் மொத்தத்தையும் பிரித்து மறுபடி கோத்தார். புருவங்களில் கார்னெட் என்னும் செந்நிறக் கற்கள் பதித்திருக்கின்றன. ஒரு புருவத்தில் கற்களுக்கு அடியில் ஒளியைத் திருப்பிவிடும் பொன் தகடு உண்டு, மற்றதில் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒரு கண் மட்டும் ஒளிர்ந்திருக்கும். ஒற்றைக்கண் தெய்வமான ஓடினை நினைவுபடுத்தவே இப்படிச் செய்தார்கள் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

புதையல் யாருக்குச் சொந்தம்?

திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்த பொன் அரசுக்கு, எடுக்கும் எண்ணமில்லாமல் புதைத்தது நிலத்துக்காரருக்கு என்பது அன்றைய சட்டம். 1939 ஆகஸ்ட் 14 அன்று ஊர் மண்டபத்தில் விசாரணை நடந்தது. இறந்தவரோடு புதைத்ததை யாரும் திரும்ப எடுக்க நினைத்திருக்க மாட்டார்கள் என்று தீர்ப்பாகி, எல்லாம் எடித் பிரெட்டிக்கே வந்தது. அவர் அத்தனையையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார். நன்றிக்கடனாக அரசு அளிக்க முன்வந்த பட்டத்தையும் வேண்டாம் என்றார். சில வாரங்களில் உலகப்போர் மூண்டது. பொக்கிஷங்கள் லண்டன் பாதாள ரயிலின் ஆல்ட்விச் சுரங்கத்தில் பத்திரமாகப் போர்க்காலத்தைக் கழித்தன.

விடுமுறையில் வந்த ஆசிரியைகள்

மெர்ஸி லாக், பார்பரா வாக்ஸ்டாஃப் என்ற இரண்டு பள்ளி ஆசிரியைகள் அந்தக் கோடையில் சட்டன் ஹூவுக்கு வந்து நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் எடுத்தார்கள். அந்நாளில் அரிதான வண்ணப் படங்களும் அவற்றில் உண்டு. மணலில் பதிந்த கப்பல் நிலைக்கவில்லை. இன்று அதை ஆராய்பவர்கள் முதலில் புரட்டுவது இவர்களுடைய படங்களைத்தான்.

மணலே உடலாக

சட்டன் ஹூவில் 1980-களில் மார்ட்டின் கார்வர் தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. அப்போது எலும்பே இல்லாத மனித உருவங்கள் வெளிப்பட்டன. உடல் கரைந்து, இறுகிய கருமணல் மட்டும் கைகால் வடிவத்தில் நின்றிருந்தது. கைகள் கட்டப்பட்டும் கழுத்து முறிந்தும் கிடந்த இவர்கள் மரண தண்டனை பெற்றவர்கள். மன்னர்கள் உறங்கிய மேட்டைப் பிற்காலத்தவர் தூக்குமேடையாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வயல், நாலு கிலோ பொன்

2009 ஜூலையில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் லிச்ஃபீல்டு அருகே ஒரு வயலில், மெட்டல் டிடெக்டரோடு நடந்தவருக்குக் கிடைத்தது ஆங்கிலோ-சாக்சன் காலத்தின் மிகப் பெரிய பொன் குவியல். சுமார் 4,600 பொருள்களும் துண்டுகளும், ஏறத்தாழ 4 கிலோ பொன், 1.7 கிலோ வெள்ளி. மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுன். பெண்கள் அணியும் நகை எதுவும் அதில் இல்லை. வாள் பிடியிலிருந்து பிடுங்கிய அலங்காரங்களும், நெளித்து மடித்த சிலுவை போன்ற சில கிறித்தவப் பொருள்களும், ஒரு தலைக்கவசத்தின் துண்டுகளுமே நிறைந்திருந்தன. போர்க்களத்தில் தோற்றவர்களின் வாள்களைச் சிதைத்துச் சேர்த்த குவியலாக இருக்கலாம்.

முள்ளால் துடைத்த பொன்

அந்தக் குவியலின் மேல் ஒட்டியிருந்த மண்ணை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? உலோக ஊசி பட்டால் மெல்லிய பொன்னில் கீறல் விழும். அதனால் பர்மிங்ஹாம் அருங்காட்சியக நிபுணர்கள் செடியின் முள்ளைக் கையில் எடுத்தார்கள். முள் மண்ணைப் பெயர்க்கும், பொன்னைக் கீறாது. நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, துண்டு துண்டாக முள்ளாலேயே சுத்தம் செய்தார்கள். சுத்தமான பொன்னை ஆராய்ந்தபோது இன்னொரு தொழில் ரகசியமும் தெரியவந்தது. அக்காலப் பொற்கொல்லர்கள் நகையின் மேற்பரப்பிலிருந்து மட்டும் வெள்ளியை நீக்கி, பொன்னை மேலும் மஞ்சளாக மின்ன வைத்திருக்கிறார்கள்.

இலங்கை வரை நீளும் நூல்

ஆங்கிலோ-சாக்சன் நகைகளின் உயிரே கார்னெட் கல்தான். தகடு போல அறுத்த கல்லை நுண்ணிய பொன் கட்டங்களுக்குள் பதித்து, அடியில் கட்டம் கட்டமாக வரி போட்ட பொன் தாளை வைப்பார்கள். உள்ளே போன ஒளி அந்த வரிகளில் பட்டுச் சிதறித் திரும்பும்போது கல் தணலாகத் தெரியும். வேதியியல் ஆய்வின்படி, இவற்றில் பெரிய கற்கள் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போயிருக்க வேண்டும். சிறு கற்களுக்கு மூலம் இன்றைய செக் நாட்டின் பொஹீமியா.

சாலையோரத்து இளவரசன்

2003-இல் எசெக்ஸில் சவுத்எண்ட் நகருக்கு அருகே பிரிட்டில்வெல்லில், சாலையை அகலப்படுத்துவதற்கு முன் ஓர் அகழாய்வு நடந்தது. ரயில்பாதைக்கும் சாலைக்கும் நடுவில் இருந்த சிறு நிலம் அது. கீழே, சுமார் 4 மீட்டர் சதுரமான மர அறை ஒன்று. மரச்சுவர் மட்கிப்போன பின்னும் அதில் அடித்த கொக்கிகளில் பாத்திரங்கள் தொங்கியபடியே மண்ணுக்குள் நின்றிருந்தன. உடலில் மிஞ்சியது பல்லின் எனாமல் துணுக்குகள் மட்டும். கண்களின் மேல் வைத்த இரண்டு பொன் தகட்டுச் சிலுவைகள், அவர் கிறித்தவர் என்பதைக் காட்டின. காலம் 6-ஆம் நூற்றாண்டின் இறுதி.

அங்கே யாழ் போன்ற லையர் என்ற நரம்புக் கருவியும் இருந்தது. மரம் மண்ணில் வெறும் கறையாகிவிட்டிருந்தது. அந்த மண்ணைக் கட்டியாகவே வெட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், மேப்பிள் மரத்தால் செய்த கருவி என்று கண்டறிந்தார்கள். அது ஒரு காலத்தில் இரண்டாக உடைந்து, உலோகப் பட்டை வைத்துச் சரிசெய்யப்பட்டதும் தெரிந்தது. உடைந்த கருவியைத் தூக்கிப் போடாமல் செப்பனிட்டு வாசித்திருக்கிறார்கள்.

கட்டிலோடு அடக்கம்

கேம்பிரிட்ஜ் அருகே ட்ரம்பிங்டனில் 2011-இல் கிடைத்த 16 வயதுப் பெண்ணை ஒரு மரக் கட்டிலில் படுக்கவைத்துப் புதைத்திருந்தார்கள். மார்பில் பொன்னும் கார்னெட்டும் சேர்ந்த சிறு சிலுவை. காலம் 7-ஆம் நூற்றாண்டு. எலும்பில் உள்ள ஐசோடோப்புகளைச் சோதித்தபோது, அவள் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பிறந்து, ஏழு வயதுக்குப் பின் இங்கிலாந்து வந்தவள் என்று தெரிந்தது. வந்தபின் அவள் உணவில் புரதம் குறைந்ததும் எலும்பில் பதிவாகியிருந்தது.

ஹார்போல் அட்டிகை

2022 ஏப்ரலில், நார்த்தாம்டன்ஷயரின் ஹார்போலில் வீடுகள் கட்டுவதற்கு முன் நடந்த அகழாய்வில் ஒரு பெண்ணின் கல்லறை வெளிப்பட்டது. கழுத்தில் 30 பதக்கங்களும் மணிகளும் கோத்த அட்டிகை. ரோமானியப் பொற்காசுகளையும் பதக்கமாக ஆக்கியிருந்தார்கள். உடன் எடுத்த மண்கட்டியை எக்ஸ்ரே எடுத்தபோது உள்ளே பெரிய வெள்ளிச் சிலுவையும் அதில் சிறு மனித முகங்களும் தெரிந்தன. காலம் 630-670. அரச குடும்பத்தவரோ, திருச்சபையில் உயர் பொறுப்பில் இருந்தவரோ ஆக இருக்கலாம்.

தாழி மூடியில் உட்கார்ந்தவர்

நார்ஃபோக்கின் ஸ்பாங் ஹில் இடுகாட்டில் 2,000-க்கும் மேற்பட்ட தகன அடக்கங்கள் கிடைத்திருக்கின்றன. அங்கே ஒரு ஈமத்தாழியின் மூடியில், நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிய சுடுமண் உருவம் ஒன்று. இவரை 'ஸ்பாங் மனிதர்' என்கிறார்கள். நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

காதுக்குறும்பியும் வரலாறுதான்

அதிவேக ரயில்பாதைக்காகப் பக்கிங்ஹாம்ஷயரின் வெண்டோவரில் 2021-இல் தோண்டியபோது 138 கல்லறைகள் வெளிப்பட்டன. 2,000-க்கும் மேற்பட்ட மணிகள், 89 உடை ஊசிகள் கிடைத்தன. கூடவே காதுக்குறும்பி எடுக்கும் குச்சி, பல் குத்தும் குச்சி, சாமணம். அழுக்கும் பரட்டையுமாக வாழ்ந்தவர்கள் என்ற பழைய எண்ணத்தை இந்தச் சிறு சாமான்கள் ஒரேயடியாகத் தகர்க்கின்றன. அதே இடுகாட்டில், முதுகெலும்பில் இரும்பு ஈட்டிமுனை பாய்ந்து நின்றபடி ஓர் இளைஞனின் எலும்புக்கூடும் கிடைத்தது.

பசுவோடு ஒரு பெண், குதிரையோடு ஒரு வீரன்

கேம்பிரிட்ஜ்ஷயரின் ஓக்கிங்டனில் 2012-இல், ஒரு பெண்ணின் அருகில் முழுப் பசு புதைக்கப்பட்டிருந்தது. குதிரையோடு புதைத்த ஆண்கள் ஏற்கெனவே தெரிந்தவர்கள். சஃபோக்கின் லேக்கன்ஹீத்தில் 1997-இல் கிடைத்த வீரனின் குதிரைக்குக் கடிவாளம் மாட்டி, பக்கத்தில் ஒரு வாளியும் வைத்திருந்தார்கள். செல்வம் நிறைந்த குடும்பம் ஒரு பசுவை இழக்கத் துணிந்தது என்றால், அந்தப் பெண்ணுக்கு ஊரில் இருந்த மதிப்பு சாதாரணமானதாக இருக்க முடியாது.

இடுப்பில் யானைத் தந்தம்

5, 6-ஆம் நூற்றாண்டுப் பெண்கள் இடுப்பில் தொங்கவிட்ட பைகளின் வாய்க்கு வளையம் போட்டது தந்தத்தால். இப்படி 700-க்கும் மேற்பட்ட வளையங்கள் கிடைத்திருக்கின்றன. ரோமானியர் விட்டுப்போன பழைய தந்தமா, மம்மத்தின் தந்தமா என்று நீண்ட நாள் ஐயம் இருந்தது. லிங்கன்ஷயரின் ஸ்கிரெம்பி இடுகாட்டு வளையங்களைச் சோதித்து 2023-இல் வெளியான ஆய்வு, அவை அதே காலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்க யானைகளின் தந்தம் என்று காட்டியது. செங்கடல் சோழிகளும் இந்தப் பெண்களின் கல்லறைகளில் கிடைக்கின்றன. ரோம் போன பின்னும் வணிகப் பாதைகள் அடைபடவில்லை.

வானிலிருந்து தெரிந்த அரண்மனை

நார்தம்பர்லாந்தின் யீவரிங்கில் மன்னர் எட்வினின் அரண்மனை இருந்தது என்றும், அங்கே பவுலினஸ் என்ற குரு 36 நாள் தொடர்ந்து மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார் என்றும் 8-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பீட் எழுதியிருக்கிறார். இடம் எதுவென்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. 1949-இல் விமானத்திலிருந்து எடுத்த படத்தில், பயிரின் நிறமாற்றமாகக் கட்டடங்களின் கோடுகள் விழுந்தன. பிரையன் ஹோப்-டெய்லர் தோண்டியபோது பெரிய மர மண்டபங்களோடு, படிப்படியாக உயரும் இருக்கைகள் கொண்ட மர அரங்கமும் கிடைத்தது. மன்னர் பேச, மக்கள் உட்கார்ந்து கேட்ட இடம்.

குழிக்குள் குடும்பம் நடத்தினார்களா?

தரையில் வெட்டியிருந்த குழிகளைப் பார்த்து, சாக்சன்கள் குழிக்குள்ளேயே வாழ்ந்தார்கள் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார்கள். சஃபோக்கின் வெஸ்ட் ஸ்டோவில் 1965 முதல் 1972 வரை ஊர் முழுவதையும் தோண்டிப் பார்த்து, அதே இடத்தில், அதே முறையில் வீடுகளை மறுபடி கட்டிப் பார்த்தார்கள். குழிக்கு மேல் பலகைத் தளம் போட்டு மேலே புழங்கியிருக்கலாம் என்ற முடிவு அதிலிருந்து வலுப்பெற்றது. அந்த வீடுகளுக்குள் இன்றும் நடந்து பார்க்கலாம்.

திருட்டைத் தடுக்கப் போய்...

சஃபோக்கின் ரெண்டில்ஷாமில், இரவில் மெட்டல் டிடெக்டரோடு வந்து தன் வயலைத் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறார்கள் என்று நிலத்துக்காரர் புகார் செய்தார். 2008 முதல் முறையான ஆய்வு தொடங்கியது. 2022-இல் 23 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட அரச மண்டபம் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு வழிபாட்டு இடமாகக் கருதப்படும் ஒரு கட்டடமும் கிடைத்தது. பீட் குறிப்பிட்ட அரசக் குடியிருப்பு இதுவே. சட்டன் ஹூ இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். புதைந்த மன்னர்கள் வாழ்ந்த வீடு இப்போது தெரிந்துவிட்டது.

கடல் ஓதம் அரைத்த மாவு

கென்ட் மாவட்டத்தின் எப்ஸ்ஃப்ளீட்டில், ஓதம் ஏறி இறங்கும் நீரால் சுழன்ற மாவு ஆலை ஒன்று 2002-இல் கிடைத்தது. ஈரச் சேறு மரத்தை அப்படியே காத்திருந்தது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணியதில், அந்த மரங்கள் 691-692 வாக்கில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. இருண்ட காலம் என்றார்களே, அந்தக் காலத்தின் ஓர் ஆலைக்கு மரம் வெட்டிய ஆண்டே நம் கையில் இருக்கிறது.

காணாமற்போன லண்டன்

பல நாட்டு வணிகர் கூடும் சந்தை என்று பீட் லண்டனைப் போற்றினார். ரோமானிய மதிலுக்குள் தோண்டியவர்களுக்கோ அந்தக் காலத்துப் பொருள்கள் ஏறக்குறைய கிடைக்கவே இல்லை. 1984-இல் மார்ட்டின் பிடில், ஆலன் வின்ஸ் இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: நகரம் மதிலுக்கு வெளியே, மேற்கே, இன்றைய ஸ்ட்ராண்ட், கோவென்ட் கார்டன் பகுதியில் இருந்தது. அடுத்த ஆண்டே அகழாய்வு அதை உறுதிசெய்தது.

அரபு எழுத்தில் ஆங்கில மன்னர்

மெர்சியா என்ற ஆங்கிலோ-சாக்சன் அரசை 757 முதல் 796 வரை ஆண்ட மன்னர் ஆஃபாவின் பெயரில் ஒரு பொற்காசு உண்டு. அது பாக்தாத் கலீஃபா அல்-மன்சூரின் தினாரைப் பார்த்து அச்சிட்டது. ஹிஜ்ரி 157 என்ற ஆண்டும் அரபு வாசகமும் அப்படியே இருக்க, நடுவில் 'ஆஃபா ரெக்ஸ்', அதாவது மன்னர் ஆஃபா என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அரபு எழுத்துக்கு அது தலைகீழாக நிற்கிறது. அச்சு வெட்டியவருக்கு அரபு தெரியாது. ஆனால் அந்தக் காசு எங்கும் செல்லும் என்று தெரிந்திருக்கிறது.

ஜாரோவின் வண்ணக் கண்ணாடி

பீட் வாழ்ந்த ஜாரோ மடத்தைத் தோண்டிய ரோஸ்மேரி கிராம்ப், 7-ஆம் நூற்றாண்டின் வண்ண ஜன்னல் கண்ணாடித் துண்டுகளைக் கண்டெடுத்தார். பிரிட்டனில் அந்தத் தொழில் தெரிந்தவர் இல்லாததால், பிரான்ஸ் பக்கமிருந்து கண்ணாடிக் கலைஞர்களை வரவழைத்த செய்தியை பீட் எழுதிவைத்திருக்கிறார். ஏடு சொன்னதை மண் மெய்ப்பித்தது. அந்த ஆலயத்தை 685 ஏப்ரல் 23 அன்று அர்ப்பணித்த கல்வெட்டு இன்றும் அங்கேயே இருக்கிறது.

தையல் பெட்டியான திமிங்கில எலும்பு

8-ஆம் நூற்றாண்டில் திமிங்கில எலும்பில் செதுக்கிய ஃபிராங்க்ஸ் பேழையில் ரோம் நகரின் இரட்டையர், ஜெர்மானியக் கதைகளின் கொல்லன் வேலண்ட், குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகள் எல்லாரும் ஒன்றாக இருக்கிறார்கள். பிரான்ஸின் ஓசோன் என்ற ஊரில் ஒரு குடும்பம் இதைத் தையல் பெட்டியாகப் பயன்படுத்தியது. வெள்ளிக் கீல்களைக் கழற்றியதும் பேழை பலகை பலகையாகப் பிரிந்தது. இப்போது வலப்பக்கப் பலகை ஃபுளோரன்ஸில், மீதி லண்டனில்.

ஐம்புலன் பதக்கம்

9-ஆம் நூற்றாண்டின் ஃபுல்லர் பதக்கத்தின் நடுவில் அகன்ற கண்களோடு பார்வை. சுற்றிலும் வாயில் கைவைத்த சுவை, செடிகளுக்கு நடுவில் நிற்கும் மோப்பம், கையோடு கை தேய்க்கும் தொடுகை, காதருகே கைவைத்த கேள்வி. ஐம்புலன்களை மனிதர்களாகக் காட்டும், இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பழைய படைப்பு இதுதான். வெள்ளி சற்றும் பழுதாகாமல் இருந்ததால் போலி என்று ஒதுக்கினார்கள். கறுப்புப் பூச்சைச் சோதித்த பிறகே உண்மை தெரிந்தது.

பெட்டிக்குள் தப்பிய நூல்

1104-இல் டர்ஹாமில் புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியைத் திறந்தபோது, உள்ளங்கையில் அடங்கும் யோவான் நற்செய்தி நூல் ஒன்று கிடைத்தது. முதலில் கட்டிய தோல் அட்டையோடு முழுதாக எஞ்சியிருக்கும் ஐரோப்பிய நூல்களில் இதுவே மிகப் பழையது. 2012-இல் பிரிட்டிஷ் நூலகம் 90 லட்சம் பவுனுக்கு வாங்கியது.

பொக்லைன் தட்டிய கவசம்

1982-இல் யார்க் நகரின் கோப்பர்கேட்டில் கட்டட வேலை நடந்தபோது பொக்லைன் கரம் எதிலோ தட்டியது. இயக்கியவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். 8-ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசம். உச்சியில் ஓஷியர் என்ற பெயரோடு லத்தீன் வேண்டுதல், பின்கழுத்தைக் காக்கச் சங்கிலி வலை. ஒரு தொழிலாளியின் கவனத்தால் கிடைத்த செல்வம் இது.

பல்லில் பதிந்த பிறந்த ஊர்

வெசெக்ஸ் என்ற ஆங்கிலோ-சாக்சன் அரசின் மன்னர் ஆல்ஃபிரட்டின் பேத்தி ஈட்கித், ஜெர்மனியின் ஓட்டோவை மணந்து 946-இல் இறந்தார். மாக்டபர்க் பேராலயத்தில் அவருடைய கல்லறையை 2008-இல் திறந்தார்கள். அதிலிருந்த பற்களின் எனாமலில், தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலத்து நீர் விட்ட அடையாளம் இருந்தது. சிறுவயதில் குடித்த தண்ணீர் அவரை அடையாளம் காட்டிவிட்டது.

கொள்ளைநோய் இங்கும் வந்தது

541-இல் பைசாந்தியப் பேரரசில் வெடித்த ஜஸ்டினியன் கொள்ளைநோய் பிரிட்டனை எட்டியதா என்பது நெடுநாள் கேள்வி. கேம்பிரிட்ஜ்ஷயரின் எடிக்ஸ் ஹில் இடுகாட்டு எலும்புகளில் அந்தக் கிருமியின் மரபணுவே கிடைத்ததாக 2019-இல் வெளியான ஆய்வு பதில் சொன்னது.

வந்தவர் எத்தனை பேர்?

2022-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, இங்கிலாந்தில் கிடைத்த 278 பேர் உட்பட 460 பேரின் மரபணுவைப் படித்தது. கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் அக்கால மக்களின் மூதாதையரில் சராசரியாக 76 விழுக்காடு வட ஐரோப்பிய நிலப்பரப்பிலிருந்து வந்தவர்கள். இன்னொரு செய்தியும் உண்டு. கென்ட் மாவட்டத்தின் அப்டவுன் இடுகாட்டில் புதைந்த ஒரு சிறுமியின் தாத்தா பாட்டிகளில் ஒருவர் மேற்கு ஆப்பிரிக்க மரபினர் என்று 2025-இல் தெரியவந்தது. அவளையும் மற்றவர்களைப் போலவே சீப்பு, கத்தி, மண்பாண்டம் வைத்து அடக்கம் செய்திருந்தார்கள்.

ஒரே ஆண்டு, இரண்டு புதையல்

இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் கொரோனர் என்னும் விசாரணை அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். அருங்காட்சியகம் வாங்கினால் அந்தத் தொகை கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் போய்ச் சேரும்.

2015-இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் வாட்லிங்டனில் ஒரு புதையலைக் கண்டவர் உடனே தகவல் சொன்னார். மண்கட்டியோடு முழுதாக வெட்டியெடுத்தார்கள். அதில் சுமார் 200 காசுகள். வெசெக்ஸின் ஆல்ஃபிரட்டும் மெர்சியாவின் கியோல்வுல்ஃபும் ஒரே வகைக் காசை அச்சிட்டது அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. வைக்கிங்குகளின் கைப்பாவை என்று ஆல்ஃபிரட் தரப்பு வரலாறு இழிவாக எழுதிய கியோல்வுல்ஃப், உண்மையில் அவருக்குச் சரிநிகர் கூட்டாளியாக இருந்திருக்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக அவர்மேல் இருந்த பழியைக் காசுகள் துடைத்தன. ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 13.5 லட்சம் பவுன் திரட்டி அவற்றை வாங்கியது.

அதே 2015-இல் ஹெர்ஃபோர்ட்ஷயரில் இன்னொரு புதையல் கிடைத்தது. அதிலும் இதே இரு மன்னர்களின் காசுகள் இருந்தன. கண்டவர்கள் மறைத்து விற்றார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்ட அந்தக் குவியலில், வழக்கின்போது அதிகாரிகள் கைக்கு வந்தவை 31 மட்டுமே. 2019-இல் அவர்களுக்குச் சிறை கிடைத்தது. ஆனால் எந்தக் காசு எதன் பக்கத்தில் கிடந்தது, எதில் சுற்றியிருந்தது, யார் புதைத்திருக்கலாம் என்ற கேள்விகளுக்கு இனி எந்த நீதிமன்றமும் விடை வாங்கித் தர முடியாது. பொன்னுக்கு விலை உண்டு, அதை மறுபடி வாங்கிவிடலாம். அது கிடந்த மண்ணை ஒருமுறைதான் படிக்க முடியும். தரையில் பழம்பொருள் எதையாவது பார்ப்பவர், அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு உரியவரிடம் சொல்வதுதான் வரலாற்றுக்குச் செய்யும் முதல் உதவி.